பத்துச் செபத்தில் ஒரு வாளி

ரூத் தண்ணீரின் வேகத்தைச் செபத்தால் அளப்பாள். தண்ணீர் சுத்திகரிக்கும் மிஷினின் வடிகட்டியான மெம்பரேன் ஒன்றைக் கழுவி முடித்து, பம்ப்பைப் போட்டு, அழுத்தத்தை ஏற்றி, வெளியே வரும் நல்ல தண்ணீரின் குழாயைப் பழைய பெயின்ட் வாளிக்குள் விட்டதும் 'அருள் நிறைந்த மரியே' என்னும் மங்கள வார்த்தை செபத்தைச் சொல்லத் தொடங்குவாள். பத்துச் செபத்துக்குள் வாளி நிறைந்தால் மெம்பரேனில் நல்ல உயிர் இருக்கிறது. பதினைந்து ஆனால் சோர்ந்திருக்கிறது. இருபதைத் தாண்டினால் மறுபடியும் தொட்டியில் போட வேண்டும்.

இதில் பக்தி கொஞ்சம், வசதி அதிகம். ஒரகடத்துக் கம்பெனி ஒன்றின் தண்ணீர் பிளான்டில் பதினோரு வருடம் கான்ட்ராக்டில் இருந்தவள் அவள். போனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். சுவர்க் கடிகாரம் ஆறு மாதம் ஓடும், ஆறு மாதம் நிற்கும். இரண்டு கையும் வால்வில் இருக்கும். சும்மா இருந்தது வாய் ஒன்றுதான். அதை வைத்து அளக்கப் பழகிக்கொண்டாள். சூப்பர்வைசரின் கடிகாரமும் ரூத்தின் செபமும் ஒருநாள்கூடப் பெரிதாக முரண்பட்டதில்லை.

அந்த வேலையை விட்டு மண்ணூரில் தன் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு மூன்று வருடம் ஆகிறது. ஒரு கறுப்புத் தொட்டி, ஒரு பம்ப், இடுப்புயரக் குழாய் ஒன்று, அழுத்தம் பார்க்க இரண்டு கேஜ், காரமா ஆசிட்டா என்று நிறம் காட்டும் பிஎச் தாள் ஒரு கட்டு. கேன் தண்ணீர் போடுகிறவர்கள், ஹாஸ்டல்காரர்கள், ஒரு கல்யாண மண்டபம் என்று வாடிக்கை நன்றாகத்தான் இருந்தது. போன மாதம்தான் வினை வந்தது. கேன் தண்ணீர்க்காரர் ஒருவர் ஆறு மெம்பரேன் கொண்டுவந்து கொடுத்தார். பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரை நாள்கணக்கில் அதற்குள் ஓட்டியிருக்கிறார், சுத்தமாகட்டும் என்று. குளோரின் பட்ட மெம்பரேன் சல்லடைதான். "இதை யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாதுண்ணே" என்று ரூத் சொன்னதும், ஆறையும் தெருவில் போட்டு உடைத்து, "ஒண்ணும் தெரியாத பொம்பளைகிட்ட குடுத்தா இப்படித்தான்" என்று தெருமுனை வரைக்கும் கத்திக்கொண்டே போனார். அதன்பிறகு கொட்டகைக்கு ஆள் வரத்து குறைந்தது.

ரூத்தின் புருஷன் யாகப்பன் கம்பெனி வேன் ஓட்டுகிறவர். சிப்ட்டுக்குப் பிள்ளைகளை ஏற்றி இறக்குவார். தென்மாவட்டத்துப் பையன்கள் ரூம் கேட்டு அலைவதைத் தினமும் பார்க்கிறவர்.

"இந்தா பாரு ரூத்து, எதிர்வூட்ல மாட்டுக் கொட்டாயக்கூட ரூமாக்கிட்டான். நாம இன்னாத்துக்கு ஆசிட்ட மோந்துகினு கெடக்கணும்? கொத்தனாரு நயினாரு சனிக்கிழமை காலைல அளவு புடிக்க நூலோட வரேன்னு சொல்லிக்கீறான். மூணு ரூமு வரும்."

"கொம்பையா மெம்பரேன் வருதுய்யா. அத முடிச்சிக்கறேன்."

"சரி. அது தேறுச்சின்னா கொட்டா உன்னுது. தேறலைன்னா நயினாருது. அப்பறம் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கக் கூடாது."

"நான் எப்போய்யா மூஞ்சியத் தூக்கி வச்சிக்கினேன்?"

"இப்போ வச்சிக்கினு கீறியே, இது இன்னா?"

ரூத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் பேச்சு பேச்சுதான் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

கொம்பையாவும் அவன் பெண்டாட்டி மாடத்தியும் சாத்தான்குளத்துப் பக்கம். கொம்பையா டயர் கம்பெனியில் ஆறு வருடம் ஓ.டி. பார்த்துவிட்டு, வாலாஜாபாத் பக்கத்து ஏரிக்கரைப் பனைகளைக் குத்தகைக்கு எடுத்துப் பதனீர்ப் பாகு காய்ச்ச இறங்கியவன். முழுப் பதனீரையும் அடுப்பில் வைத்தால் பொழுதுக்கும் விறகு தின்னும். அதனால் முதலில் அதை மெம்பரேன் மிஷினுக்குள் அழுத்தி, பாதிக்குமேல் தண்ணீரைப் பிரித்தெடுத்துவிட்டு, கெட்டியான மீதியை மட்டும் அடுப்பில் ஏற்றுவான். நாலு மெம்பரேன்தான் அந்தத் தொழிலின் முதுகெலும்பு.

வியாழக்கிழமை காலையில் நாலையும் நனைந்த சாக்கில் சுற்றி, பைக்கில் குறுக்கே வைத்து, புருஷனும் பெண்டாட்டியும் வந்து இறங்கினார்கள். பின்னாலேயே ஒரு குட்டியானை வண்டியில் ஆறு கேன் தண்ணீர் வந்தது. பதனீரிலிருந்து பிரிந்த தண்ணீர், ரூத்தின் பேச்சில் மரத்துத் தண்ணீர். மெம்பரேனைக் கழுவ அதைவிடச் சுத்தமான தண்ணீர் கிடையாது என்று போன வருடம் ரூத் சொன்னதை மறக்காமல் பிடித்து வைத்திருந்தார்கள்.

"யக்கா, மிஷின் வித்த கம்பெனிக்காரன் பாத்துட்டு, செத்துப்போச்சி, புதுசு வாங்குங்கன்னுட்டான்" என்றான் கொம்பையா. "புதுசு வர மூணு வாரம் ஆவுமாம். மூணு வாரத்துல சீசனே முடிஞ்சிரும். எட்டுப் பனையேறிமாரு எறக்குத பயினிய என் அடுப்பு மட்டும் தாங்காது. பத்து மணிக்கெல்லாம் புளிச்சிருது. சனிக்கிழமைக்கு மேல வேற இடம் பாக்கோம்னு சொல்லிட்டாவ."

"சனிக்கிழமை காலைல வந்து எடுத்துக்கோ தம்பி" என்றாள் ரூத்.

"பாக்காமயே சொல்லுதியளே?"

"போன வருசம் இதே நாலத்தான் கழுவினேன். செத்திருந்தா இனிப்பு தண்ணிப் பக்கம் தாண்டியிருக்கும்." ஒரு கேனைத் திறந்து கையில் ஊற்றி நாக்கில் வைத்தாள். "இனிப்பே இல்ல. உசுரு கீது. அடைச்சிக்கினு கீது, அவ்ளோதான்."

கொம்பையா அடுப்பைப் பார்க்கத் திரும்பிப் போனான். மாடத்தி ஒத்தாசைக்கு இருந்துவிட்டாள். வந்ததிலிருந்து அவள் சரியாகப் பேசவில்லை. சாக்கை மடித்தாள், கேனை நகர்த்தினாள், தரையைக் கூட்டினாள். கேட்டால் மட்டும் பதில் சொன்னாள்.

முதல் மெம்பரேனைக் குழாய்க்குள் தள்ளி, மூடியைப் பூட்டி, ரூத் அளந்து பார்த்தாள். பாயை இறுக்கிச் சுருட்டிய மாதிரி உள்ளே அடுக்கடுக்காக இருக்கும் அதற்குள்ளிருந்து தண்ணீர் நூல்போல வந்தது. வாளி நிறைய நாற்பத்திரண்டு செபம் ஆயிற்று.

"பரவால்ல, முக்கா செபமாலை ஓடிடுச்சி" என்றாள்.

வேலை தொடங்கியது. பதனீர் மெம்பரேனில் இரண்டு அழுக்கு. ஒன்று, சர்க்கரையில் ஊறும் வழுவழுப்பு. இன்னொன்று, புளிக்காமல் இருக்கக் கலயத்தில் தடவும் சுண்ணாம்பு. வழுவழுப்பைக் காரம் எடுக்கும். சுண்ணாம்பை ஆசிட் எடுக்கும். எதை முதலில் போடுவது என்பதில்தான் தொழில் இருக்கிறது. ஆசிட்டை முதலில் விட்டால் வழுவழுப்பு கெட்டிப்பட்டு ஒட்டிக்கொள்ளும். ரூத் காரத்தைக் கரைத்து, தாளில் நிறம் பார்த்து, அழுத்தத்தை ஏற்றாமல் மெதுவாகச் சுற்ற விட்டாள். முக்கால் மணி நேரம் சுற்றல், ஒரு மணி நேரம் ஊறல், மறுபடி சுற்றல். அப்புறம் மரத்துத் தண்ணீரால் அலசிவிட்டு சிட்ரிக் ஆசிட். தகரத்துக்கு மேலே அக்னி நட்சத்திர வெயில் படபடவென்று வெடித்தது. பம்ப் சத்தத்தில் இரண்டு பெண்களும் வியர்த்தார்கள்.

நடுவில் சாப்பிட்டார்கள். கேழ்வரகுக் கூழ், நெத்திலிக் கருவாடும் மாங்காயும் போட்ட குழம்பு. சிப்ட் வண்டியை விட்டுவிட்டு யாகப்பனும் வந்திருந்தார்.

"இன்னாமா மாடத்தி, உங்க ஊர்ல கூழ் உண்டா?"

"உண்டும் அண்ணாச்சி. நாங்க கம்புல காச்சுவோம்."

"நல்லா துண்ணு. சனிக்கிழமைக்கப்புறம் இங்க ரூமுதான். உங்க ஊரு பசங்களே வந்து தங்குவானுங்க."

"எங்களுக்கு ரூமு வேணாம் அண்ணாச்சி" என்றாள் மாடத்தி, கூழைப் பார்த்தபடி. "மெம்பரேன் போதும்."

"பாத்தியா ரூத்து, ஊமைன்னு நெனச்சேன். ஊசி வச்சிக்கினு கீது."

மூன்றரை மணிக்கு ரூத் மறுபடி அளந்தாள். முப்பத்தாறு. குழாயைத் தட்டினாள், கேஜைத் தட்டினாள், பம்ப்பை நிறுத்திப் போட்டு இன்னொரு முறை சொல்லிப் பார்த்தாள். முப்பத்தாறேதான்.

யாகப்பன் வாசலில் நின்று பார்த்துவிட்டு வண்டிக்குப் போனார். அவர் கிண்டல் பண்ணியிருந்தால்கூடத் தேவலை என்று ரூத்துக்கு இருந்தது.

அவள் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து காலையிலிருந்து நடந்ததை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். காரம் சரி. நேரம் சரி. தாளின் நிறம் சரி. பயப்படத் தோன்றவில்லை, எரிச்சல்தான் வந்தது. செய்ய வேண்டியதை எல்லாம் சரியாகச் செய்தும் வராத ஒன்று இருக்கிறது என்றால், தெரியாத ஒன்று உள்ளே இருக்கிறது. போன வருடம் இந்த நேரத்தில் இங்கே என்ன இருந்தது? தரையெல்லாம் நுரை. காரம் உள்ளே போனதும் தொட்டி பொங்கி வழிந்து, கொட்டகை முழுக்க முழங்கால் வரைக்கும் நுரை நின்றது. இந்த வருடம் தொட்டித் தண்ணீர் குளம்போலக் கிடந்ததே. ஒரு குமிழிகூட இல்லையே.

நுரை தானாகச் சாகாது. யாரோ கொன்றிருக்க வேண்டும்.

"மாடத்தி, இங்க வா. உக்காரு. பதனி தொட்டில நுரை வருமே, அப்போ இன்னா பண்ணுவ?"

மாடத்தி உட்காரவில்லை. "வரும்க்கா. இந்த வருசம் பெரிய தொட்டி. பயினி மேல இருந்து விழும்லா, அதான் பொங்கிக்கிட்டே கிடக்கும்."

"அப்பறம்?"

"அடங்கிரும்."

"தானாவா?"

மாடத்தி சேலை நுனியை விரலில் சுற்றினாள். சுற்றி முடிந்ததும் அவிழ்த்தாள்.

"கண்ணு, நான் மெம்பரேன் கழுவறவ. போலீசு இல்ல."

"ரெண்டு சொட்டுதாங்க்கா" என்றாள் மாடத்தி. "விளக்கெண்ண. எங்க ஊர்ல கொப்பரைல பயினி பொங்குச்சின்னா ஆமணக்கு முத்தத் தட்டிப் போடுவோம், பொசுக்குனு அடங்கிரும். அது மாதிரி நெனச்சிட்டேன். எண்ண படக்கூடாதுன்னு மிஷின்காரன் சொன்னாம்லா, எனக்குத் தெரியும். ஆனா பயினி தரைல ஓடுதத எப்பிடிக்கா பாத்துக்கிட்டு நிக்கது? மரத்துல ஏறி எறக்குனதுல்லா? அவியளுக்குத் தெரிஞ்சா கொன்னே போட்டுருவாவ."

ரூத் எழுந்து அவள் தோளில் ஒரு தட்டு தட்டினாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அட லூசே! இத காலைலயே சொல்லியிருந்தா எனக்கு ஒரு நாள் மிச்சமாயிருக்கும். எண்ணெய்தானே? எண்ணெய்க்கு மருந்து கீது."

"தேறிருமாக்கா?"

"தேறும். ஆனா உன் வூட்டுக்காரருகிட்ட நீ சொல்லணும். நான் சொல்லமாட்டேன். சொல்லாம வுட்டா அடுத்த மாசம் திரும்பவும் எடுத்துகினு வருவ."

மாடத்தி முகத்தைத் துடைத்துக்கொண்டு ஆறு மணி பஸ்ஸுக்குப் போனாள்.

எண்ணெயை எடுக்கும் சோப்புத் தூள் ஒரு டப்பா ரூத்திடம் இருந்தது. கம்பெனி கேன்டீன் தண்ணீர் லைனுக்காக ஒருமுறை வாங்கியது. பாத்திரம் விளக்கும் சோப்பு எல்லாம் இதற்கு ஆகாது. அது மெம்பரேனில் போய் ஒட்டிக்கொண்டு தானே ஒரு அழுக்காகிவிடும். இந்தத் தூளுக்கும் ஒரு பிடிவாதம் உண்டு. தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால்தான் எண்ணெயைத் தொடும். கொதித்தாலோ மெம்பரேனின் பசை விட்டுப்போகும். முப்பத்தைந்து டிகிரி, ஒன்று கூடலாம், ஒன்று குறையலாம்.

வெள்ளிக்கிழமை காலையில் கறுப்புத் தொட்டியை வெயிலில் இழுத்துப் போட்டாள். பதினோரு மணிக்கெல்லாம் மண்ணூர் வெயில் அவள் கேட்டதற்கு மேலேயே கொடுத்தது. தெர்மாமீட்டர் நாற்பத்திரண்டு காட்டியது.

"யோவ்! ஓடிப்போய் மீன்காரம்மாகிட்ட ஒரு ஐஸ் கட்டி வாங்கிகினு வா!"

"ஐஸா? மெம்பரேனுக்கு ஜூஸ் போடப் போறியா?"

"கேள்வி கேக்காத, கரஞ்சிடும்."

யாகப்பன் சிப்ட் முடிந்த யூனிபார்மோடு ஓடினார். பாதி ஐஸ் வழியிலேயே போய்விட்டது. மீதியை மீன் வாசனையோடு ஒரு கவரில் கொண்டுவந்தார். ரூத் அதை இன்னொரு கவருக்குள் போட்டு இறுக்கி முடிந்து தொட்டிக்குள் தொங்கவிட்டாள். மீன் தண்ணீர் ஒரு சொட்டு கலக்கக் கூடாது. முப்பத்தெட்டு. முப்பத்தாறு. முப்பத்தைந்து. தூளைக் கரைத்து, தாளைப் பார்த்து, பம்ப்பைப் போட்டாள்.

பத்து நிமிடம் ஒன்றும் இல்லை. யாகப்பன் போகவும் இல்லை, உட்காரவும் இல்லை. பிறகு தொட்டியின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு கட்டியது. கோடு பட்டையானது. பட்டை பொங்கியது. விளக்கெண்ணெயும் புளித்த பதனீரும் கலந்த வாடை ஒன்று கொட்டகையை நிறைத்தது.

"அய்ய, இன்னா எயவுமே இது!" என்று யாகப்பன் மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

"மோந்து பாருய்யா, நல்லா மோந்து பாரு" என்றாள் ரூத். "இந்த வாசனைக்குத்தான் காத்துகினு இருந்தேன்."

ஒவ்வொன்றாக நாலும். ஊறல், சுற்றல், கறுத்த தண்ணீரைக் கொட்டல், புதிதாகக் கரைத்தல். எண்ணெய்க்கு அடியில் மறைந்திருந்த சுண்ணாம்புக்கு மறுபடி ஒருமுறை ஆசிட். கழிவையெல்லாம் பெரிய டிரம்மில் ஊற்றி, காரமும் ஆசிட்டும் ஒன்றையொன்று தின்று தாளில் பச்சை காட்டிய பிறகே வெளியே விட்டாள். ராத்திரி வெகுநேரம் ஆனபோது கடைசிக் கேன் மரத்துத் தண்ணீரில் கால்வாசி மிச்சம் இருந்தது. அளப்பதற்கு ரூத்துக்குக் கை வரவில்லை. காலையில் எல்லார் முன்னாலும் அளப்போம் என்று கொட்டகையைச் சாத்திவிட்டு, கை மணக்க மணக்கச் சோறு தின்றாள்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கொம்பையாவும் மாடத்தியும் வந்தார்கள். ஒரு தூக்கில் பதனீரும் நுங்கும். அவர்கள் பைக்கை நிறுத்தும்போதே கொத்தனார் நயினார் சைக்கிளில் வந்து இறங்கினான். சட்டைப் பையில் இஞ்சு டேப், கையில் ஒரு உருண்டை நூல்.

"எந்தப் பக்கத்துல இருந்து புடிக்கறதுண்ணே?" என்றான் யாகப்பனைப் பார்த்து.

"இருடா. கொஞ்சம் வேலை கீது."

ரூத் முதல் மெம்பரேனைப் பூட்டினாள். பம்ப்பின் வால்வு லேசாக நழுவிக்கொண்டிருந்ததால் இரண்டு கையாலும் பிடித்து அழுத்தத்தைச் சரியாக நிறுத்த வேண்டியிருந்தது. அதோடு, பந்தயத்தில் தன் பக்கத்துக்குத் தானே எண்ணினால் சரிப்படாது.

"யோவ், நீ சொல்லு."

"நானா?"

"கோயில்ல நீதானே சத்தமா சொல்லுவ. விரல்ல எண்ணிக்கினே சொல்லு."

யாகப்பன் நயினாரைப் பார்த்தார், கொம்பையாவைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார். தொடங்கினார். குழாயிலிருந்து தண்ணீர் கட்டைவிரல் கனத்தில் விழுந்தது. எல்லாருடைய கண்ணும் வாளியில். இரண்டு, மூன்று என்று விரல் மடங்கியது. பாதி வாளி. யாகப்பன் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிக்கொண்டே போனார். எட்டாவது விரல் மடங்கியபோது தண்ணீர் விளிம்பைத் தொட்டு வழிந்தது.

"எட்டு!" என்று கத்தினான் கொம்பையா. "யக்கா, எட்டு!"

ரூத் பம்ப்பை நிறுத்தினாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

"கொட்டு அத."

"இன்னாத்துக்கு? அதான் எட்டாச்சே."

"நீ இழுத்து இழுத்து சொன்னய்யா. பெரிய வெள்ளிக்கிழமை பாட்டு மாதிரி. நான் கேக்கலன்னு நெனச்சியா?"

யாகப்பன் வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றார். காது மடல் சிவந்திருந்தது. "பம்ப் சத்தத்துல உனக்கு எப்டி கேக்கும்?" என்று முனகினார்.

"வாய் அசையறது தெரியுமே. ரூமு வேணும்னு சொன்ன ஆளு, இழுத்து சொல்றதுக்கு இன்னா அவசியம்?" என்றவள் குரலைத் தணித்தாள். "எப்பவும் சொல்ற மாதிரி சொல்லுய்யா. எனக்கு அது போதும்."

வாளி கவிழ்ந்தது. மறுபடி பம்ப். யாகப்பன் இந்த முறை கண்ணைத் திறந்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமைக் கோயிலில் சொல்லும் அதே வேகத்தில், மடமடவென்று சொன்னார். எட்டில் வாளி நிறையவில்லை. ஒன்பதில் இல்லை. பத்தில் விளிம்புக்கு நாலு விரல் கீழே நின்றது. பதினொன்று முடியும்போது வழிந்தது.

"பதினொண்ணு" என்றாள் ரூத். "பதினொண்ணுன்னா பதினொண்ணுதான். நாப்பத்திரண்டுல இருந்து வந்திருக்கு. ஓட்டலாம்."

இரண்டாவதும் பதினொன்று. மூன்றாவது பன்னிரண்டு. நாலாவது பதினாறில் நின்றது.

"இது சோர்ந்துதான் கீது தம்பி. இத கடைசில மாட்டு. சீசன் தாங்கும், அடுத்த வருசத்துக்கு இது ஒண்ண மட்டும் புதுசு வாங்கிக்க."

கொம்பையா மெம்பரேன்மேல் கையை வைத்துக் குனிந்து நின்றான். "என்னதான்க்கா ஆச்சி இதுக்கு? அந்தப் பய செத்துப்போச்சின்னான்."

ரூத் கையைத் துடைத்தாள். மாடத்தி சேலை நுனியை விரலில் சுற்றினாள். பிறகு, சுற்றியதை அவிழ்க்காமலே சொன்னாள்:

"நாந்தான். நுரை அடங்கட்டும்னு விளக்கெண்ண ஊத்துனேன். தெனமும் சாயங்காலம், ரெண்டு சொட்டு."

கொம்பையா நிமிர்ந்தான். மாடத்தி அடி வாங்கப் போகிறவளைப்போலக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"ஏட்டி" என்றான் அவன், மெதுவாக. "சாயங்காலமா போட்ட?"

"ஆமா."

"நான் தெனமும் வெள்ளனே போடுதேன்லா!"

மாடத்தி ஒரு கண்ணைத் திறந்தாள். "நீங்களுமா?"

"நீ பாத்தா ஏசுவியேன்னு, நீ பால் வாங்கப் போனப்பொறவுதான் ஊத்துவேன். குப்பி வெரசா தீருதேன்னு நானும் யோசிச்சேன் பாத்துக்க!"

"நான் தலைக்குத் தேச்சேன்னுல்லா சொல்லி வச்சிருந்தேன்!"

நயினார்தான் முதலில் சிரித்தான். அப்புறம் யாகப்பன். மாடத்தி சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை, இரண்டும்தான் இருந்தது. ரூத் வாளிமேல் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"நுரைய அடக்க எண்ணெய் வேணாம் தம்பி" என்றாள், மூச்சு வாங்கியதும். "மேல இருந்து விழற குழாய நீட்டி, பதனிக்குள்ள முங்க வையி. விழற சத்தமும் இருக்காது, நுரையும் வராது."

"அவ்ளவுதானா?"

"அவ்ளோதான்."

தூக்கிலிருந்த பதனீரை ஆளுக்கொரு டம்ளர் குடித்தார்கள். வெயில் ஏறுவதற்குள் ஏரிக்கரை போய்ச் சேர வேண்டும். நனைத்த சாக்கில் நாலையும் சுற்றி பைக்கில் குறுக்கே வைத்தபோதுதான், கட்டிக்கொண்டு வந்த கயிறு பாதியில் அறுந்துபோயிருப்பதைக் கொம்பையா பார்த்தான். மாடத்தி ஒரு கையால் பிடித்துக்கொள்கிறேன் என்றாள். வாலாஜாபாத் ரோட்டில் லாரி ஓடும் ஓட்டத்துக்கு அது ஆகாது.

நயினார் இன்னும் நூலுருண்டையோடு கொட்டகை வாசலில் நின்றுகொண்டிருந்தான்.

"அண்ணே, நான் நிக்கறதா, போறதா? எந்தப் பக்கம் புடிக்கணும், சொல்லு."

யாகப்பன் ரூத்தைப் பார்க்கவில்லை. நேராக நயினாரிடம் போய் அந்த நூலுருண்டையைக் கையிலிருந்து வாங்கினார். மூன்று ரூமுக்குப் போதுமான நூல். அதை நாலாக மடித்து முறுக்கி, சாக்கைச் சுற்றி இரண்டு சுற்று, சீட்டுக்கு அடியில் ஒரு சுற்று இழுத்து, வேன்காரன் முடிச்சாக இறுக்கிப் போட்டார். ஒருமுறை ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை.

"கிளம்பு தம்பி" என்றார். "அடுத்த தபா கழுவ வரும்போது நூலக் கொண்டாந்து குடுத்துடு. நயினாருது அது."